ஒன்பது கிலோவுக்குள் ஒரு ஸ்டார்ட்டர்

எரிந்துபோன மோட்டாரை மேசைமேல் வைத்தால் காயிலக்கா முதலில் மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோவார். "தண்ணியில்லாமப் பம்ப்பை ஓட விட்டிருக்கீங்க" என்பார். கொண்டுவந்தவர் அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று சாதிப்பார். அக்கா மூடியைக் கழற்றிக் கருகிய செம்புக் கம்பியைக் காட்டியதும் ஆள் கப்சிப். முப்பத்தோரு வருடமாக இதுதான் அவர் தொழில். ஃபேன், மிக்சி, பம்ப், கார் ஸ்டார்ட்டர், லாரி ஸ்டார்ட்டர் என்று எது எரிந்தாலும் பழைய காயிலைப் பிரித்தெடுத்துப் புதுக் காயில் கட்டுவார். டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒன்பதடி அகலத்தில் கடை. பெற்றோர் வைத்த பெயர் அக்காவின் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. லாரி ஓட்டும் கணவர்கூட, மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருக்கும்போது, "காயிலு" என்றுதான் கூப்பிடுவார்.

அக்காவின் கை தாராளக் கை. நூற்றிருபது சுற்று போதும் என்றால் நூற்றிருபத்தைந்து சுற்றுவார். மெல்லிய கம்பி போதும் என்றால் ஒரு நம்பர் தடியான கம்பி போடுவார். "எங்கிட்ட வந்த மோட்டார் திரும்பி எங்கிட்ட வரக்கூடாது" என்பது அவருடைய வீம்பு. அதனால் அவர் கட்டிய மோட்டார்கள் நன்றாக உழைத்தன, கொஞ்சம் கனமாகவும் இருந்தன. கனத்தைப் பற்றி அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. சொல்வதற்கென்று ஓர் ஏரோப்ளேன் வந்து சேர்ந்தது.

ஏரோப்ளேன் அவர் தம்பியுடையது. தம்பி பஸ் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை பார்த்தார். ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தபாலில் வரவழைத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒன்பது வருடம் ஞாயிறு தவறாமல் உளியும் பசையுமாக உட்கார்ந்து, மரத்தாலும் துணியாலும் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டினார். முதல் வருடமே ஊர் அவருக்குப் 'பைலட்' என்று பெயர் வைத்துவிட்டது. "என்ன பைலட், இன்னைக்கு எந்த நாட்டுக்கு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். பத்தாவது வருடம் விமானம் நிஜமாகவே புல்தரையிலிருந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரமாக இறங்கியது. கேலி செய்தவர்கள் பெயரை மாற்றவில்லை. இப்போது அதையே மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சட்டப்படி முதல் நாற்பது மணி நேரம் கட்டியவர் தனியாகத்தான் பறக்க வேண்டும். அதன் பிறகுதான் பக்கத்து சீட்டில் ஆள் ஏறலாம். அந்த முதல் ஆள் அக்காதான் என்று தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். "எனக்கெதுக்குடா இதெல்லாம்" என்று அக்கா உதறிவிட்டார். உதறியவர்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு ஷெட்டுக்குப் போய், யாரும் பார்க்காத நேரத்தில் வலது பக்க சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிடிபட்டால், "சீட்டு மெத்தை பழகணும்ல" என்பார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அக்காவுக்கு ஆசை. ஐம்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் மூன்றாவது மாடிக்கு மேல் ஏறியிராத ஒருவருக்கு வருகிற, சொன்னால் சிரிப்பார்களோ என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஆசை.

முப்பத்தெட்டு மணி நேரம் முடிந்த சமயத்தில் தம்பியின் கை உடைந்தது. அந்த எஞ்சினைக் கையால்தான் கிளப்ப வேண்டும். முன்னால் நின்று, மரக் காத்தாடியை இரண்டு கையாலும் பிடித்து, ஓர் இழு இழுத்துவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தம்பியின் மனைவி. எஞ்சின் பிடித்ததும் அவர் இறங்கிக்கொள்வார், தம்பி ஏறிக்கொள்வார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பத்தேழு கிலோ ஆள். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்கே பயப்படுவார். "பறக்கிறதெல்லாம் நீங்களும் அண்ணியும் பாத்துக்கங்க, எனக்குத் தரை போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அன்று காலை காத்தாடி திருப்பி அடித்துவிட்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது.

"ஊர்ல இருக்கிற ஓட்டை லாரிக்கெல்லாம் நான் ஸ்டார்ட்டர் கட்டித் தர்றேன். எந்தம்பி கையால சுத்திக்கிட்டுக் கெடக்கிறான். எவனாவது கேட்டா என்னன்னு சொல்றது?"

"வெயிட்டுக்கா. ஏரோப்ளேன்ல ஒவ்வொரு கிலோவும் கணக்கு" என்றார் தம்பி.

"கணக்குதான? கணக்கு டீச்சரையே வீட்ல வெச்சிருக்கியே, கேளு."

டீச்சர் நோட்டை எடுத்துவந்தார். விமானத்தின் எடை, தம்பியின் எடை, அக்காவின் எடை, பத்திரமாகப் போய்வர வேண்டிய குறைந்தபட்ச பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டினார். வரைபடம் அனுமதிக்கும் மொத்த எடையிலிருந்து கழித்தார். "மோட்டார், பேட்டரி, பல்சக்கரம், வயர், தாங்குற தகடு எல்லாம் சேர்ந்து ஒன்பது கிலோவுக்குள்ள இருந்தா நீங்களும் ஏறலாம் அண்ணி. அதுக்கு மேல போனா ஸ்டார்ட்டர் ஏறும், நீங்க ஏற முடியாது."

ஒன்பது கிலோ என்றால் அக்காவின் தாராளக் கைக்கு அது ஒரு விலங்கு. நசுங்கிக் கிடந்த சின்னக் கார் ஒன்றின் ஸ்டார்ட்டரை வாங்கிவந்து, தாங்கு தகடு செய்து, எல்லாவற்றையும் தராசில் வைத்தபோது பன்னிரண்டு கிலோ காட்டியது. முப்பத்தோரு வருடத்துப் பழக்கத்தை அக்கா ஒரு மாதத்தில் விட வேண்டியிருந்தது. இரும்புத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தில் வெட்டினார். அதிலும் ஓட்டை போட்டார். பைக் பேட்டரிக்கு இறங்கினார். நட்டு, போல்ட்டைக்கூட ஒவ்வொன்றாக நிறுத்தார். காயிலைக் கட்டும்போதுதான் கை கூசியது. 'இது நாள் முழுக்க ஓடப்போற மோட்டாரா? மூணு செகண்டு ஓடினாப் போதும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஆயுளில் முதல் தடவையாக ஒரு நம்பர் மெல்லிய கம்பியை எடுத்தார்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. காரில் ஸ்டார்ட்டர் எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கும். இங்கே காத்தாடிப் பக்கம் மாட்ட வேண்டும். ஆகவே அது எஞ்சினை எதிர்த்திசையில் சுற்றியது. "பேட்டரி வயரை மாத்திக் குடுத்தா திரும்பிச் சுத்திரும்ல?" என்றார் தம்பி. அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வெளியில நிக்கிற காயில், உள்ள சுத்துற ஆர்மேச்சர், ரெண்டுக்கும் ஒரே கரண்டுதான்டா போகுது. பேட்டரிய மாத்தினா ரெண்டும் சேர்ந்து மாறும். ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பினா யாரும் திரும்பலன்னு அர்த்தம். ஒருத்தரை மட்டும் திருப்பணும்." மோட்டாரைப் பிரித்து, வெளிக்காயிலின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். ஒரு திசையில் சுற்றினால் மட்டுமே பிடிக்கும் பல்சக்கரப் பூட்டுக்கும் எதிர்த்திசையில் பிடிக்கிற ஜோடியை எங்கெங்கோ அலைந்து தேடிப் பிடித்தார். கடைசியாகத் தராசில் வைத்தபோது எட்டு கிலோ எழுநூறு கிராம்.

மாட்டி முடித்த அன்று டீச்சர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். காத்தாடிக்கு முன்னால் யாரும் இல்லை. 'ர்ர்ர்' என்று இரண்டு சுற்று சுற்றியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. தூரத்தில் நின்ற தம்பி கட்டுப் பிரித்த கையை மறு கையால் தடவிக்கொண்டார். அக்கா, "போதும் போதும், பெட்ரோலை வீணாக்காதீங்க" என்று அதட்டிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

விமானத்தில் எதை மாற்றினாலும் மறுபடி எடை போட்டு நோட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம். பார்சல் ஆபீசில் மூன்று மின் தராசுகளை இரவல் வாங்கி, மூன்று சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்தார்கள். அன்று மழை வரும்போல் இருந்ததால் ஷெட்டுக் கதவு சாத்தியிருந்தது. டீச்சர் மூன்று எண்களையும் கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு பேனாவை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை கூட்டினார்.

"இருநூத்து நாப்பது வரணும். இருநூத்து அம்பத்தொண்ணு வருது."

தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, உன் கடைத் தராசு ஒழுங்காத்தான் காட்டுதா?"

கேட்டிருக்கக் கூடாது. அக்கா ஐந்து கிலோ வார்னிஷ் டின்னைத் தூக்கிவந்து, விமானத்தை நகர்த்தச் சொல்லி, மூன்று தராசிலும் வைத்துக் காட்டினார். எல்லாம் ஐந்து காட்டின. காலையில் தன் தராசில் இதே டின்னை வைத்தபோதும் ஐந்துதான் என்றார். "எட்டே முக்கால் கிலோ வெச்சேன். பதினோரு கிலோவ நான் எங்கடா ஒளிச்சு வெப்பேன்?" பதினோரு கிலோ அதிகம் என்றால் அக்கா ஏற முடியாது என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். விமானத்தைத் திரும்பத் தராசில் ஏற்றினார்கள். மூச்சு முட்டுகிறது என்று அக்கா விடுவிடுவென்று போய் முன்கதவைத் திறந்தார்.

மழைக்கு முந்தின காற்று நேராக உள்ளே வந்தது.

"அண்ணி!" என்று டீச்சர் கத்தினார். "குறையுது!"

அக்கா திரும்பிப் பார்த்தார். யாரும் விமானத்தைத் தொடவில்லை. கயிறு இல்லை, தூண் இல்லை. ஆனால் தராசில் எண்கள் இறங்கின. இருநூற்று ஐம்பத்தொன்று, நாற்பத்தேழு, நாற்பத்து மூன்று. காற்று ஓய்ந்ததும் ஏறின. மறுபடி வீசியதும் இறங்கின. அக்கா கதவைச் சாத்தினார். ஐம்பத்தொன்று. திறந்தார். நாற்பத்தொன்று. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க முடியாத ஒரு பொருள் கண்ணெதிரே பத்து கிலோ இளைத்துக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக நடந்துபோய் இறக்கைக்குக் கீழே கையை மல்லாத்தி நீட்டினார். விரலிடுக்கில் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பத்தோரு வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத கரண்டை வைத்துப் பிழைத்தவர். அதனால் கண்ணுக்குத் தெரியாதது எதுவும் அவருக்குப் பெரிதல்ல. ஆனால் கரண்டைத் தொட்டால் அடிக்கும். இது கையைத் தொட்டும் தொடாமலும் போகிறது, இறக்கையை மட்டும் தூக்கிப் பிடிக்கிறது.

"அப்ப இது நிஜமாவே பறக்கத்தான் செய்யுதாடா" என்றார். தம்பி முப்பத்தெட்டு மணி நேரம் பறந்ததைக் கண்ணால் பார்த்தவர்தான். இருந்தாலும் அக்கா அப்போதுதான் நம்பினார்.

விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதன்முதலில் எடை போட்ட நாளில் வார்னிஷ் வாடை போக முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து வைத்திருந்தார்கள். நல்ல காற்று. காற்று தூக்கிப் பிடித்திருந்த பதினோரு கிலோவை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். விமானம் அன்றைக்கும் கனம்தான். எழுத்தில்தான் இளைத்திருந்தது.

தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு, "நோட்டுல இருக்கிறது பழைய கணக்கு. கதவைத் திறந்தே வெச்சு இன்னொரு தடவை எடுத்தா..." என்று இழுத்தார்.

அக்கா போய்க் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். "எழுதும்மா டீச்சரு. இருநூத்து அம்பத்தொண்ணு. புல்தரைக் கோடிக்கு அந்தாண்ட மரம் நிக்குது. கனம் தாங்காம எழும்பலன்னா அதுகிட்ட போய் நோட்டைக் காட்டுவியாடா?"

டீச்சர் எழுதினார். எழுதிவிட்டு அதே பக்கத்தின் மூலையில் வேறென்னவோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுவாரம் தம்பி கடைக்கே வந்தார். "ஒரே ஒரு தடவைக்கு ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாத்தையும் கழட்டிர்றேன்கா. பெட்ரோலையும் கொஞ்சம் கொறச்சுக்கலாம். கையாலயே சுத்திக் கெளப்பி உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, திரும்ப மாட்டிக்கலாம்."

"உன் கை மேல ஏறித்தான் நான் மேல போகணுமா? வேலையப் பாத்துக்கிட்டுப் போடா."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த இரண்டு வாரம் அக்கா மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்தார். பத்து கிலோவுக்கு மேல் இளைக்க வேண்டும். ஒன்றரை கிலோ இளைத்தார், கோபம் இரண்டு மடங்கு ஏறியது. வாடிக்கையாளர்கள் மோட்டாரை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினார்கள். மூன்றாவது வாரம், ஆசையையும் பட்டினியையும் ஒரே நாளில் விட்டுவிட்டதாகத் தம்பிக்குப் போன் செய்து சொன்னார். ஷெட்டுக்குப் போனால் இப்போது அந்த சீட்டில் ஏறுவதில்லை. தம்பி நாற்பது மணி நேரத்தை முடித்தார். ஆனால் பக்கத்தில் யாரையும் ஏற்றவில்லை. சீட்டு காலியாகவே போய்க் காலியாகவே வந்தது.

அந்த வருடம் டீச்சர் ஒரு வேலை செய்தார். ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் பக்கத்து நகரத்துப் பறக்கும் பள்ளிக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். முதல் மாதம் போன ஒவ்வொரு முறையும் வாந்தி. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மேல போய் யாருக்கு வீட்டுப்பாடம் குடுக்கப்போறீங்க?" என்று கேலி செய்தார். டீச்சர், "பட்டன் வந்திருச்சுல்ல அண்ணி, இனிமே எஞ்சினைக் கெளப்ப எனக்கு ஆள் வேண்டாம்ல" என்று சிரித்து மழுப்பினார். உண்மையும் அதுதான். அந்தக் காத்தாடியை இழுக்க அவருக்கு உயரமும் பத்தாது, பலமும் பத்தாது. ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் அவர் காலம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினொரு மாதத்தில் உரிமம் கையில் வந்தது. அதற்கப்புறம் தம்பியின் விமானத்தைத் தனியாகப் பல தடவை ஓட்டிப் பழகினார்.

ஒரு காலை டீச்சர் ஸ்கூட்டரில் கடை வாசலில் வந்து நின்றார். "ஷட்டரை இறக்குங்க அண்ணி. ஷெட்டுக்குப் போறோம்."

"ஏன், ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணுதா?" அக்கா ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்.

ஷெட்டுக்கு வெளியே விமானம் தயாராக நின்றது. தம்பி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டீச்சர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, வலது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "பையைக் கீழ வெச்சிட்டு ஏறுங்க."

அக்கா பையை இன்னும் கையில் பிடித்திருந்தார். "வெயிட்டு?"

"டாங்க் ஃபுல். அப்படியும் பன்னெண்டு கிலோ மிச்சம்."

பெல்ட்டை மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தும்படி டீச்சர் சொன்னார். அக்கா அழுத்தினார். தான் கட்டிய மெல்லிய காயில் மூன்று செகண்டு ஓடி எஞ்சினை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. புல்தரை தடதடவென்று உதறியது. பிறகு உதறல் சட்டென்று நின்றது. அக்கா எட்டிப் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, அடியில் தரை இல்லை. டயர் கடை, ஜெராக்ஸ் கடை, நடுவில் தன் கடைத் தகரம், எல்லாம் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிவிடும்போல் இருந்தன. காற்று அவர்கள் இருவரையும், மரத்தையும் துணியையும் மோட்டாரையும் சேர்த்து, ஒரு முனகல்கூட இல்லாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டீச்சரின் கையைக் கவனித்தார். பிடியை இறுக்கியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் வியர்வை. ஓட்டம் சீராக இருந்தது, ஓட்டுகிறவருக்குப் பயம் இன்னும் போகவில்லை.

"பயமா இருக்கா?" என்று அக்கா எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

"அப்புறம் எதுக்கும்மா இதக் கத்துக்கிட்டீங்க?"

டீச்சர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, ஒரு கூட்டலைக் கரும்பலகையில் விளக்குகிற குரலில் கத்தினார்: "அன்னைக்குத் தராசு பக்கத்துலயே கணக்குப் போட்டுட்டேன் அண்ணி. உங்களயும் குறைக்க முடியாது, ஸ்டார்ட்டரயும் கழட்டக் கூடாது. ஓட்டுற ஆளைத்தான் மாத்தணும். எப்படிப் போட்டாலும் நாந்தான் வந்தேன்."

காயிலக்கா முந்தானையை எடுத்து டீச்சரின் நெற்றி வியர்வையை மெல்லத் துடைத்துவிட்டார். பார்வையை மறைத்துவிடக் கூடாதே என்று மிகவும் கவனமாகத் துடைத்தார்.